மணிக்கு முப்பத்தெட்டு மைல்

1973 ஜனவரி 8, திங்கட்கிழமை

கரம்பொன் வீட்டுப் படலையைத் தாண்டியது 7.45. மண்டைதீவுப் பள்ளிக்கூட வாசலில் மேரிறோஸை இறக்கியது 8.19. யாழ்ப்பாணத்தில் எங்கள் காணிப் பதிவுக் கந்தோரின் படியில் கால் வைத்தது 8.29. தலைமை இலிகிதர் சிவபாதம் கோடு போடும் அடிமட்டத்தை வரவுப் புத்தகத்தின் மேல் ஏற்கெனவே வைத்துவிட்டார். எட்டரை அடித்ததும் கடைசிக் கையெழுத்தின் அடியில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுப்பது அவருடைய கடமை. கோட்டுக்குக் கீழே ஒப்பமிடுகிறவர் பிந்தி வந்தவர். மூன்று தடவை பிந்தினால் அரைநாள் லீவு கழியும்.

நான் இந்தக் கந்தோரில் சேர்ந்தது 1947இல். இருபத்தாறு வருடங்களில் ஒருநாளேனும் என் பெயர் அந்தக் கோட்டுக்குக் கீழே போனதில்லை. பெருமைக்காக இதை எழுதவில்லை. உள்ளதை எழுதுகிறேன். பெருமையும் இல்லாமல் இல்லை.

சென்ற வருடம் வரை மேரிறோஸ் கரம்பொன்னிலேயே படிப்பித்தாள். இந்த வருடம் மண்டைதீவுக்கு மாற்றம். பஸ் பெரிய றோட்டோடு போய்விடும். சந்தியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒன்றேகால் மைல் வெயிலில் நடக்க அவளுடைய முழங்கால் இடங்கொடாது. ஆகவே ஸ்கூட்டர்.

இன்று ஒரு நிமிடம் மிஞ்சியது. நாளைக்கு?

ஜனவரி 11, வியாழக்கிழமை

8.30. நான் ஒப்பமிட்டுப் பேனையை எடுக்க, கோடு இழுபடும் சத்தம் கேட்டது. தப்பினேன்.

கொஞ்சம் முந்திப் புறப்பட்டால் என்ன என்று மேரிறோஸிடம் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. பதுளையில் இருக்கும் எங்கள் மகள் ஜசிந்தா மறுபடியும் பிள்ளைத்தாய்ச்சி என்று வருடப்பிறப்பன்று கடிதம் வந்தது. முன்னர் இரண்டு தங்கவில்லை. இந்தப் பிள்ளை கையில் வரும்வரை தினமும் கரம்பொன் கோயிலில் பூசை காண்பதாக மேரிறோஸ் நேர்த்தி வைத்திருக்கிறாள். பூசை முடிய 7.20. வீட்டுக்கு நடந்து வந்து, ஒரு வாய் கோப்பி குடித்து, சேலை மாற்றி - 7.45. அதில் ஒரு நிமிடத்தையும் பிடுங்க வழியில்லை.

"மண்டைதீவிலையும் கோயில் இருக்குத்தானே?" என்றேன்.

"நேர்த்தி வைச்சது கரம்பொன் கோயிலிலை. நீங்கள் ஊர்காவற்றுறைக் காணியைப் பருத்தித்துறைப் புத்தகத்திலை பதிவியளோ?"

பதியமாட்டேன்.

ஜனவரி 23, செவ்வாய்க்கிழமை

8.28.

இந்த ஸ்கூட்டரை 1961இல் வாங்கினேன். மிகச் சிறியது. இருவர் ஏறினால் இருபது மைல், காற்று உதவினால் இருபத்திரண்டு. ஜசிந்தா அப்போது சிறுமி. முன்னால் நின்றபடி ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு, வழியில் காணும் ஒவ்வொரு காகத்துக்கும் "தள்ளு, தள்ளு" என்று கத்துவாள். பின்னால் மேரிறோஸ் ஒருபக்கமாக இருந்து, மடியில் மாதா படத்தையோ வாழைக்குலையையோ வைத்துக்கொண்டு, என் முதுகோடு ஓயாமல் கதைத்துக்கொண்டு வருவாள்.

இந்த மாதம் அந்தக் கதை திரும்பி வந்திருக்கிறது. வீட்டில் நாங்கள் இருவரும் அதிகம் பேசுவதில்லை. சண்டை ஒன்றுமில்லை, பேச வேண்டியவை முடிந்துவிட்டன என்று நினைத்திருந்தேன். ஸ்கூட்டரில் அப்படியில்லை. நாரந்தனையில் தொடங்கும் கதை வேலணையில் முடிகிறது. வேலணையில் தொடங்கினால் அல்லைப்பிட்டி வரை போகும். நேற்றைய கதை, பக்கத்து வீட்டு அல்போன்சம்மா தன் ஆட்டுக்கு ஆசீர்வாதம் வாங்கப் போனதும், சுவாமியார் செபிக்கச் செபிக்க ஆடு அவருடைய அங்கியின் நுனியைத் தின்று முடித்ததும். நாலரை மைல் நீளம். சிரிப்பில் ஸ்கூட்டர் ஆடியது.

பெப்ரவரி 2, வெள்ளிக்கிழமை

இன்று நடந்ததை மறைக்காமல் எழுத வேண்டும்.

நான் கந்தோருக்குள் நுழைந்தபோது சுவர் மணிக்கூடு 8.32. சிவபாதம் பென்சிலை உயர்த்திப் பிடித்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு போடப்படவில்லை.

"வாங்கோ பத்திநாதர். கெதியா வையுங்கோ. உங்கட பேரைக் கீழை பாக்க எனக்கு மனமில்லை."

ஒப்பமிட்டேன். அதன் பின்பு அவர் கோட்டை இழுத்தார். நாள் முழுவதும் ஒரு காணி உறுதியையும் நேராக வாசிக்க முடியவில்லை. எனக்காகக் கோடு காத்திருந்தது. பிந்தியதை விட இது இழிவு.

நேர்த்தியை அசைக்க ஏலாது. கோட்டையும் அசைக்கக்கூடாது. அசைக்கக்கூடியது ஸ்கூட்டர் ஒன்றுதான்.

பெப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை

பூசைக்குப் பிறகு ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் போய் எமிலியானுஸைக் கண்டேன். மீன்பிடி வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டுவதில் தீவுப்பகுதியில் அவனுக்கு மிஞ்சினவர் இல்லை. ஸ்கூட்டரைச் சுற்றி இரண்டு தரம் நடந்தான்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. என்ர வள்ளம் எதிர்க்காத்திலை இதைவிடக் கெதியாப் போகும்."

"வேகம் கூட்ட ஏலுமோ?"

"எவ்வளவு?"

"பதினைந்து நிமிடம்."

"அண்ணை, வேகத்தை மைலிலை கேக்கிறவையைக் கண்டிருக்கிறன். நிமிசத்திலை கேக்கிறவர் நீங்கள்தான்."

பெப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை

இரண்டு நாள் வேலை. முழுவதையும் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்த்தேன்.

சிலிண்டரின் தலைப்பகுதியைக் கழற்றி, கண்ணாடித் தட்டில் அரைபசை பூசி, எட்டு எழுதுவதுபோல் சுழற்றிச் சுழற்றித் தேய்த்து மெலிதாக்கினான். தலை தாழ்ந்தால் உள்ளே நெருக்கம் கூடும், அடி பலமாகும் என்றான். காபரேற்றரில் பெற்றோல் வரும் நுண்துளையை ஊசியால் ஒரு மயிரளவு பெருப்பித்தான். எஞ்சினைச் சுற்றி மூடியிருந்த தகரத்தை, "இது என்னத்துக்கு, சும்மா பாரம்" என்று கழற்றி மூலையில் எறிந்தான். பிறகு சைலன்சருக்கு வந்தான். இங்கே நான் தடுத்தேன். மோட்டார் சட்டத்தில் சத்தம் பற்றி ஒரு பிரிவு இருக்கிறது.

"சைலன்சரைக் கழட்டேல்லை அண்ணை. உள்ளுக்கு இருக்கிற தகடு ரெண்டை மட்டும் வெட்டுவம். வெளியாலை பாத்தா அப்படியே இருக்கும்."

சைலன்சரை அகற்றுவது வேறு, அதன் உட்தகட்டை அகற்றுவது வேறு என்று எனக்கு நானே வாதாடினேன். வேறொருவர் இந்த வாதத்தை என் மேசைக்குக் கொண்டு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். தகடுகள் வெட்டப்பட்டன.

பெப்ரவரி 12, திங்கட்கிழமை

முப்பத்தெட்டு மைல்! நேரான இடத்தில், இருவருடன். கந்தோர் 8.15.

சிவபாதம் சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். நான் ஒப்பமிட்டுவிட்டு அவருக்குக் காலை வணக்கம் சொன்னேன். ஐம்பது வயதில் மனிதனுக்கு இப்படி ஒரு சிறுபிள்ளைச் சந்தோஷம் வரலாமா? வந்தது.

பெப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை

8.14. வேலணைச் சந்தியில் நின்ற மீன்காரர் ஒருவர் சத்தமாகச் சொன்னார்: "விலத்துங்கோ, பத்திநாதற்றை வள்ளம் வருகுது!"

மார்ச் 9, வெள்ளிக்கிழமை

8.15. அல்போன்சம்மாவின் மருமகனைப் பற்றி மேரிறோஸ் ஏதோ தொடங்கினாள். வேலணையில் மாடு குறுக்கிட்டுப் பிரேக் பிடித்தபோது "அதோடை அவன் அந்தப் பக்கமே போறேல்லை" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. எந்தப் பக்கம் என்று தெரியாது. கேட்கவும் நேரமில்லை.

மார்ச் 29, வியாழக்கிழமை

8.14.

சரவணை தாண்டியதும் மேரிறோஸ் காதருகே குனிந்து எதையோ கேட்டாள். காற்றும் எஞ்சினும். "ஓம்" என்றேன். தோளைத் தட்டி மறுபடியும், இம்முறை நீளமாக. "ஓம், ஓம்" என்றேன். மூன்றாம் தடவை அவள் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அவள் அதிகம் கதைப்பதில்லை. தபசுகாலம், செபமாலை சொல்லிக்கொண்டு வருகிறாள் போலும்.

ஏப்ரல் 21, பெரிய சனி

கந்தோர் இல்லை. அலுமாரியைத் துடைக்கும்போது என் பழைய சைக்கிளின் மணி அகப்பட்டது. 1949இல் எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அந்தச் சைக்கிளில்தான் அவளை ஊர்காவற்றுறைக்கு ஏற்றிக்கொண்டு போவேன். எதிர்க்காற்றென்றால் இறங்கி இருவரும் நடப்போம். காரைநகருக்கு ஆட்களை ஏற்றிப்போகும் மிதவைப் பாதை கரையை விட்டு நகருவதைப் பார்ப்பதற்காகவே போவோம். அதில் ஏற வேண்டிய அலுவல் எதுவும் எங்களுக்கு இருந்ததில்லை. இரண்டு மைலுக்கு ஒரு பின்னேரம் முழுவதும் செலவாகும். பிந்திவிட்டோம் என்று அப்போது ஒருநாளும் தோன்றவில்லை. எதற்குப் பிந்துவது?

மணியை மேரிறோஸிடம் காட்டினேன். ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு, "இதின்ரை சத்தத்துக்குள்ளை கதைக்கலாம்" என்றாள்.

ஜூன் 5, செவ்வாய்க்கிழமை

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

அல்லைப்பிட்டி தாண்டி, இருபுறமும் பரவைக் கடல் கிடக்கும் றோட்டில், முப்பத்தாறு மைலில் எஞ்சின் திடீரென்று இறுகிவிட்டது. பின்சக்கரம் சுழலாமல் இழுபட்டது. ஸ்கூட்டர் பாம்புபோல் வளைந்து கல்லோரம் நின்றது. விழவில்லை. குடை மட்டும் பறந்து தண்ணீருக்குள் போயிற்று. எஞ்சினிலிருந்து எரிந்த மணம். நேரம் 8.03.

மேரிறோஸ் இறங்கிச் சேலையைத் தட்டினாள். முகத்தில் பயம் இல்லை. சிரித்தாள்.

"அப்பாடா. காதுக்கு இப்பதான் சுகம்."

"பகிடிக்கு இது நேரமில்லை."

"சரி, விடுங்கோ. நான் பதுளைக்குப் போன பிறகு உங்களுக்கு இந்த ஓட்டம் தேவைப்படாதுதானே. மண்டைதீவுக்குத் திரும்பிற வேலை இல்லை. இருபது மைலிலை போனாலும் நேரத்துக்குப் போயிடுவியள்."

பதுளைக்கா?

"ஜூலை பதினைஞ்சு. ஆறு மாத லீவு. நேற்றுக் கடிதம் வந்தது, பள்ளிக்கூடத்துக்கு. ஜசிந்தாவுக்குப் பக்கத்திலை நான் நிக்க வேணும். மிச்சப் பூசையை நீங்கள் காணுவியள் எண்டு சுவாமியாரிட்டையும் சொல்லிப்போட்டன். புருசன் பெண்சாதி ஆர் கண்டாலும் ஒண்டுதான் எண்டிட்டார். உங்களிட்டைக் கேட்டனான்தானே, பங்குனியிலை. ரெண்டு தரம் கேட்டனான். நீங்கள் மூண்டு ஓம் சொன்னனீங்கள்."

சரவணை. மார்ச் 29. என் முகம் போன போக்கை அவள் பார்த்தாளா தெரியவில்லை. நான் ஏதாவது சொல்லுமுன் ஊர்காவற்றுறைப் பஸ் வந்தது. மிதிபலகை வரை சனம். கொண்டக்டர் ஓர் ஆளுக்குத்தான் இடம் என்றான், அதுவும் தொங்கிக்கொண்டு.

"ஏறுங்கோ," என்றாள். "கோடு போட்டிடுவினம்."

ஏறினேன்.

கந்தோர் 8.27. கோட்டுக்கு மேலே. அதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது. பஸ் திரும்பும்போது பார்த்தேன் - வெறும் றோட்டில், குடையும் இல்லாமல், செத்த ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் ஏன் ஏறினேன்? அவள் சொன்னாள் என்பதா பதில்? சீ.

ஜூன் 6, புதன்கிழமை

வாசிக்காமல் ஒப்பமிட்டுவிட்டேன் என்று கந்தோருக்கு வந்து அழுகிறவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்வி: ஒப்பம் உங்களுடையதுதானே? இன்று அந்தக் கேள்வியை நானே எனக்குக் கேட்டேன். ஓம் என்னுடையதுதான். மூன்றும்.

ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குசினிக்குள் போய் நின்றேன்.

"இஞ்சாரும். அண்டைக்கு நீர் கேட்டது எனக்கு…"

"கேக்கேல்லை. தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ லீவுக்கு எழுதினனீர்?"

"கேட்டிருந்தாலும் நீங்கள் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பியள். என்ன, யோசிச்சு யோசிச்சுச் சொல்லியிருப்பியள். அதுக்குள்ளை பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கும்."

சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, நேற்றுப் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போனாள் என்று கேட்டேன். சுருவில் ஊரவர் ஒருவர் மாட்டு வண்டிலோடு வந்திருக்கிறார். ஸ்கூட்டரை அதில் ஏற்றி அனுப்பிவிட்டு, நடந்திருக்கிறாள். சந்திக்கு முக்கால் மைல், உள்ளே ஒன்றேகால் மைல். முழங்காலில் எண்ணெய் பூசிக்கொண்டே சொன்னாள்.

"ஒம்பதுக்குத்தான் போய்ச் சேர்ந்தனான். எங்கடையிலையும் கோடு இருக்குத்தானே. கீழைதான் வைச்சனான்."

"எத்தனையாந் தரம்?"

"முதல் தரம். இருபத்துமூண்டு வருசத்திலை."

இந்த விபரம் எனக்குத் தெரியாது. ஒருநாளும் கேட்டதில்லை. கோடு என்றால் என் கோடு ஒன்றுதான் உலகத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 10, ஞாயிற்றுக்கிழமை

எமிலியானுஸ் எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு தலையில் கை வைத்தான். பிஸ்டன் உருகிச் சுவரோடு ஒட்டியிருந்தது.

"பிழை என்னிலைதான் அண்ணை. வள்ளத்து மெசினைக் கடல் தண்ணிதான் குளிராக்கும். இது றோட்டிலை ஓடுறது. உள்ளுக்கு ஒரு காத்தாடி இருக்கு. அந்தக் காத்தை எஞ்சினைச் சுத்திக் கொண்டுபோறதே நான் எறிஞ்ச தகரம்தான். கரையிலை ஓடுற சாமான் எண்டதை மறந்துபோனன். ஆனா இப்ப பிடிபட்டிட்டுது. தகரத்தைப் பூட்டிப்போட்டு, இன்னும் ரெண்டு வேலை செய்தா ஐம்பது ஓடும். பாருங்கோவன்!"

"வேண்டாம். எல்லாம் பழையபடி. சைலன்சர்த் தகடும்."

"பழையபடியெண்டா இருபது மைல்தானே அண்ணை?"

"இருபது போதும்."

என்னை ஒருவிதமாகப் பார்த்தான். தேடிப் பிடித்துப் பிஸ்டன் போட ஒரு மாதம் செல்லும் என்றான். அதுவரை பஸ். சந்தியில் நானும் இறங்கி, பள்ளிக்கூடம் வரை மேரிறோஸோடு நடக்கலாம் என்று நினைத்தேன், அவள் விடவில்லை. தலைமை ஆசிரியரின் மகனுடைய காரைச் சந்திக்கு வரச்சொல்லி ஏற்பாடு செய்துவிட்டாளாம். நான் கந்தோருக்கு நேரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 9, திங்கட்கிழமை

ஸ்கூட்டர் வந்துவிட்டது. இந்தக் கிழமை அவளுடைய கடைசிக் கிழமை. காரை வரவேண்டாமென்று நானே சொல்லியனுப்பினேன்.

"உங்களுக்குப் பிந்துமே," என்றாள்.

"ஏறும்."

இருபது மைல். எஞ்சின் முணுமுணுத்தது. நாரந்தனையில் தொடங்கினாள். அல்போன்சம்மாவின் மருமகன் எந்தப் பக்கம் போவதில்லை என்பது தெரியவந்தது: கள்ளுக்கொட்டில் பக்கம். அங்கே, எதிரே நிற்பது மாமியாரென்று தெரியாமல் அவளுடைய நடையை அவளுக்கே நடித்துக் காட்டியிருக்கிறான்.

கந்தோர் 8.34. கோடு போட்டாயிற்று. சிவபாதம் அழிறப்பரை எடுத்தார்.

"பத்திநாதர், ஆரும் பாக்கேல்லை. கோட்டைக் கொஞ்சம் கீழை இறக்கிவிடட்டோ?"

"வேண்டாம். கோடு சரியான இடத்திலைதான் இருக்கு."

கீழே ஒப்பமிட்டேன். வழக்கமான கையெழுத்துத்தான். வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

ஜூலை 11, புதன்கிழமை

8.36. மூன்றாம் நாள். அரைநாள் லீவு கழிந்தது. அல்லைப்பிட்டியில் வேண்டுமென்றே பதினெட்டு மைலுக்குக் குறைத்தேன், கதை முடியவில்லை.

ஜூலை 13, வெள்ளிக்கிழமை

8.41. பள்ளிக்கூட வாசலில் இறங்கியவள் உள்ளே போகாமல் நின்றாள். பூசைக்கு எந்த வரிசை வாங்கில் இருக்க வேண்டும், எந்த மெழுகுதிரி வாங்க வேண்டும் என்று சொன்னாள். எல்லாம் கேட்டது.

ஜூலை 15, ஞாயிற்றுக்கிழமை

ரயில் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஜூலை 24, செவ்வாய்க்கிழமை

பூசை. பிறகு கந்தோர், 8.18. வழியில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 19, ஞாயிற்றுக்கிழமை

தந்தி. பெண்குழந்தை. இருவரும் சுகம். சுவாமியாரிடம் ஓடினேன். அழுதேன் போலிருக்கிறது, அவர் கதிரை எடுத்துப் போட்டார்.

செப்டெம்பர் 17, திங்கட்கிழமை

நேர்த்தி முடிந்துவிட்டபடியால் இப்போது 7.05க்கே புறப்படுகிறேன். கந்தோருக்கு 7.40. பக்கத்தின் முதல் ஒப்பம் என்னுடையது. அடியில் வரிவரியாக வெறுமை. ஒருவரும் வராத அந்த நேரத்தில் மேரிறோஸின் கடிதங்களை வாசிக்கிறேன். குழந்தை என் மூக்கோடு பிறந்திருக்கிறதாம், அதற்காகத் தானும் ஜசிந்தாவும் செபிக்கிறார்களாம்.

இன்று லீவுப் படிவம் ஒன்று எடுத்து நிரப்பினேன். இருபத்தொரு நாள். இருபத்தாறு வருடத்தில் இவ்வளவு நீளமாகக் கேட்பது இதுவே முதல். "லீவுக்கான காரணம்" என்ற இடத்தில் உண்மையைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. எழுதினேன்: மனைவியோடு கதைப்பதற்கு.

சிவபாதம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார்.

"பத்திநாதர், இது கொழும்புக்குப் போற படிவம். 'சொந்த அலுவல்' எண்டு போடுங்கோ. எல்லாரும் அப்படித்தான் போடுறது."

"அதுவும் பொய்யில்லை," என்றேன்.

வெட்டினேன். மேலே "சொந்த அலுவல்" என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். உறுதிகளில் ஒரு சொல்லை வெட்டுவதானால் ஒற்றைக் கோட்டால்தான் வெட்ட வேண்டும், வெட்டிய சொல் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கந்தோரின் ஒழுங்கு. இதையும் அப்படியே வெட்டியிருக்கிறேன்.